இலை நுனியில் ஒரு உப்பளம்

போன மாதம் இந்தப் பகுதியில் வீட்டுக்குள் வளர்க்கும் பெரணியை, அதாவது ஃபெர்ன் செடியைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எல்லா ஊரிலும் யாரோ ஒருவர் வாசலில் ஒரு பெரணி தொங்குகிறது போலிருக்கிறது, அதில் பாதிக்கு மேல் கருகிக்கொண்டும் இருக்கிறது. ஆகவே இந்த மாதம் முழுக்கப் பெரணிதான். முருங்கைக் கம்பளிப்பூச்சி பற்றிக் கேட்ட மூன்று பேரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, மதுரை போனபோது பாஸ்டன் பெரணி ஒன்று வாங்கி வந்தேன். வந்த புதிதில் தொட்டியே தெரியாமல் பச்சைப் பசேலென்று தொங்கியது. மூன்றே மாதத்தில் நுனியெல்லாம் காப்பி நிறத்தில் காய்ந்து, தொட்டால் பொடியாக உதிர்கிறது. வீடியோவில் சொன்னபடி ஒரு நாளைக்கு நாலு தடவை ஸ்பிரே செய்கிறேன், தொட்டிக்கு அடியில் கூழாங்கல் தட்டும் வைத்திருக்கிறேன். இன்னும் என்னதான் செய்வது? – வாசகி, கீழக்கரை

பதில்: முதலில் அந்த ஸ்பிரே பாட்டிலைக் கீழே வையுங்கள். எல்லாவற்றையும் எழுதினீர்கள், தெளிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் எழுதவில்லை. அது போர்த் தண்ணீராக இருந்தால் ஒரு நாளைக்கு நாலு தடவை செடி மேல் உப்பைத் தூவிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வந்த கடிதங்களில் பாதிக்கு இதுவே பதில் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்லிவிடுகிறேன். வாலிநோக்கம் பக்கம் உப்பளம் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் தண்ணீரைக் கட்டுகிறார்கள், தண்ணீரை வெயில் கொண்டுபோய்விடுகிறது, உப்பு பாத்தியிலேயே தங்கிவிடுகிறது. பெரணியின் இலை நுனியில் நடப்பதும் அதேதான். வேர் குடித்த தண்ணீர் தண்டு வழியாக ஏறி இலையிலிருந்து ஆவியாகிவிடும், ஆனால் அதில் கரைந்து வந்த உப்புக்கு வெளியே போக வழி கிடையாது, அது நுனியிலும் ஓரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஒரு அளவு தாண்டியதும் அந்த இடத்தைக் கருக்கிவிடும். தென்னையும் பூவரசும் இதைத் தாங்கும். பெரணிக்கு வேர் தலைமயிர் போல மெல்லியது, மழைக்காட்டில் இலைமக்கில் படர்ந்து மழைத்தண்ணீரையே குடித்துப் பழகியது, அதனால் தாங்காது.

அப்படியானால் வீடியோக்காரர்கள் எல்லாம் ஏன் ஸ்பிரே, ஸ்பிரே என்கிறார்கள்? இந்தச் செடிக்குப் பெயர் வந்த கதையைக் கேளுங்கள். 1894-இல் பிலடெல்பியாவிலிருந்து பாஸ்டனுக்கு அனுப்பிய பெரணிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் மற்றவை மாதிரி விறைத்து நிற்காமல் வளைந்து தொங்கியிருக்கிறது, அதைத் தனியாகப் பெருக்கி விற்றதுதான் பாஸ்டன் பெரணி. அது அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டலத்துச் செடி, ஆனால் அதை வீட்டுச் செடியாக்கியவர்கள் குளிர் நாட்டுக்காரர்கள். அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும், ஆகவே அவர்கள் கவலையெல்லாம் காற்றில் ஈரம் சேர்ப்பதுதான். நமக்கு அந்தக் கவலை எங்கே இருக்கிறது? பொரித்த அப்பளம் அரை மணி நேரத்தில் நமுத்துப் போகிற ஊர் இது. காற்று ஈரம் பெரணிக்குப் போதும், நாம் கொடுக்கிற தண்ணீர்தான் எமன். ஏசி அறைக்குள் வைத்திருந்தால் மட்டும் காற்று காய்ந்துவிடும். அதற்கும் ஸ்பிரே மருந்தில்லை, செடியைத் தூக்கி வேறு இடத்தில் வைப்பதுதான் மருந்து.

சரி, எந்தத் தண்ணீர் ஊற்றுவது? மழைத்தண்ணீர்தான் முதல் தரம். அதற்கு அடுத்தது, சிரிக்காதீர்கள், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து சொட்டுவது அது, உப்பு அநேகமாக இருக்காது, வெளியே குழாயில் வீணாகத்தான் போகிறது, ஒரு வாளி வைத்துப் பிடியுங்கள். ஆர்.ஓ. மெஷினில் வடிகட்டி வருகிற தண்ணீரும் நல்லதுதான், ஆனால் பக்கத்துக் குழாயில் கழிவாக வருகிறதே, அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது, போர்த் தண்ணீரைவிட அது மோசம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீடுகளில் அதையே ஊற்றலாம். ஊருணித் தண்ணீர் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி, குடித்துப் பார்த்தாலே தெரியும்.

டிடிஎஸ் மீட்டர் என்று பேனா மாதிரி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, தண்ணீரில் முக்கினால் அதில் கரைந்திருக்கிற உப்பின் அளவை எண்ணாகக் காட்டும். குடிநீருக்கு இந்தியத் தரக் கட்டுப்பாட்டில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்று வைத்திருக்கிறார்கள். அது மனிதருக்கு. பெரணிக்கு நான் 200-க்கு மேல் கொடுப்பதில்லை. எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீரில் மீட்டரை வைத்தபோது வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அதில் குளித்துக்கொண்டிருக்கிறோமே என்று என் தலைமுடியை நினைத்துத்தான் முதலில் வருத்தப்பட்டேன்.

மழையைச் சேர்க்க இடமில்லை என்று சொல்லாதீர்கள். 100 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 90 லிட்டர். ஒரு நடுத்தரத் தொட்டிக்கு வெயில் காலத்தில் நாளைக்கு அரை லிட்டர் என்று வையுங்கள், 200 லிட்டர் டிரம் ஒன்று மூன்று தொட்டிகளுக்கு நாலு மாதம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்தால் பங்குனி வரை கவலையில்லை. முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள், ஆறு மாதக் கடல் காற்று மாடியில் படிய வைத்த உப்பை அதுதான் கழுவிக்கொண்டு வரும். டிரம் வாயை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் கொசு குடும்பம் நடத்தும்.

இப்போது உங்கள் செடி. முதலில் தொட்டியில் சேர்ந்திருக்கிற உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். தொட்டியைத் தண்ணீர் வடிகிற இடத்தில் வைத்து, தொட்டி கொள்ளளவுக்கு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை நிதானமாக, பத்துப் பத்து நிமிடம் இடைவெளி விட்டு ஊற்றுங்கள். அடியில் வடிவது முழுக்க வெளியே போகட்டும், தட்டில் தேங்கினால் உப்பு திரும்பவும் மேலே ஏறும். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, கத்தரித்துவிடலாம். முழுக்கக் காய்ந்த ஓலையை அடியோடு வெட்டுங்கள். ஓலை எல்லாமே போய்விட்டதென்றால் பயப்படாமல் இரண்டு அங்குலம் விட்டு மொத்தமாக வெட்டி, ஈரம் காயாமல் நிழலில் வையுங்கள். வேர் உயிரோடு இருந்தால் சில வாரங்களில் நடுவிலிருந்து சுருள் சுருளாகத் தலை நீட்டும். கையை விட்டுப் பாருங்கள், மேல்மண் காயத் தொடங்கும்போது தண்ணீர், அவ்வளவுதான், மணி பார்த்து ஊற்றுகிற செடி இல்லை இது. மாதம் ஒரு தடவை இந்தக் கழுவலைச் செய்தால் போதும்.

இன்னொரு இடத்திலும் உப்பு ஒளிந்திருக்கும், அதில் நானே ஏமாந்திருக்கிறேன். மழைத்தண்ணீர் ஊற்றியும் ஒன்பது செடி வரிசையாகக் கருகியது, என்ன செய்தும் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் கட்டியாக வாங்கிய தேங்காய் நார்க்கழிவு. தேங்காய் மட்டையிலேயே உப்பு உண்டு, மட்டையைக் கழிமுகத்து உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். கடைக்காரர் "கழுவினதும்மா" என்றார், நானும் நம்பினேன். இப்போதெல்லாம் யார் கழுவித் தந்தாலும் நான் ஒருமுறை டிரம்மில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி, மூன்று தடவை கழுவிய பிறகுதான் தொட்டியில் போடுகிறேன். அப்படிக் கழுவிய நார்க்கழிவு இரண்டு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பங்கு, கரித்துண்டு ஒரு பங்கு. கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? சீமைக் கருவேலக் கரி மூட்டத்தில் சல்லியாக ஒதுக்குவதைக் கேட்டால் சும்மாவே தருவார்கள், பட்டாணி அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள், சாம்பலைக் கழுவிவிடுங்கள். கடற்கரை மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் உப்பும் இருக்கிறது, சிப்பித் தூளும் இருக்கிறது, சிப்பி என்றால் சுண்ணாம்பு, பெரணிக்கோ லேசான புளிப்பு மண்தான் பிடிக்கும்.

கேள்வி: அக்கா, நான் நல்ல தண்ணீர்தான் ஊற்றுகிறேன். ஆனாலும் ஆடி மாதம் வந்தால் கடலைப் பார்த்த பக்கத்து ஓலைகள் மட்டும் கருகிவிடுகின்றன, வீட்டைப் பார்த்த பக்கம் நன்றாக இருக்கிறது. – வாசகர், பாம்பன்

பதில்: விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள் தம்பி. பாம்பனில் சைக்கிள் கம்பி, ஜன்னல் கிராதி, டிவி ஆன்டெனா எதுவும் தப்பாத காற்று பெரணியை மட்டும் விடுமா? ஆடிக் காற்று அலை நுரையை அள்ளிக்கொண்டு வந்து இலையில் அப்பிவிட்டுப் போகும், ஈரம் காய்ந்ததும் உப்பு மட்டும் மிஞ்சும், அது போக அந்த வேகத்துக்கு மெல்லிய ஓலை ஒன்றோடு ஒன்று உரசிக் கிழியும். காற்றுப் பக்கம் பனையோலைத் தட்டி ஒன்று கட்டுங்கள், காற்று முழுக்க நிற்க வேண்டியதில்லை, வேகம் உடைந்தால் போதும். சுவர் வைத்து அடைத்தால் காற்று சுவரைத் தாண்டிச் சுழன்று வந்து அடிக்கும், தட்டிதான் நல்லது. வாரம் ஒருமுறை செடியைத் தலைகீழாகச் சாய்த்து நல்ல தண்ணீரால் ஓலையைக் கழுவிவிடுங்கள். ஆடி, ஆவணி இரண்டு மாதம் பின்கட்டுக்கு மாற்றிவிட முடிந்தால் இதெல்லாமே தேவையில்லை. வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அதுவே போதும்: நேர் வெயில் அதிகம் விழாது, புத்தகம் படிக்கிற அளவு வெளிச்சம் இருக்கும்.

கேள்வி: மீன் கழுவின தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றுகிறேன், நன்றாகப் பூக்கிறது. பெரணிக்கும் ஊற்றலாமா? – வாசகி, தங்கச்சிமடம்

பதில்: கல் உப்புப் போட்டுத்தானே அம்மா மீனைத் தேய்க்கிறீர்கள்? வேண்டாம். உப்புப் போடாமல் அலசிய முதல் தண்ணீர் என்றால் ஒரு பங்குக்கு நாலு பங்கு நல்ல தண்ணீர் கலந்து மாதம் ஒருமுறை ஊற்றலாம், ஆனால் வீட்டுக்குள் வைத்த செடி என்றால் நாற்றமும் எறும்பும் பக்கத்து வீட்டுப் பூனையும் சேர்ந்தே வரும். வெல்லம் சேர்த்து நொதிக்க வைத்த மீன் அமிலம் நன்கு வடிகட்டி, லிட்டருக்கு 2 மில்லி போதும். காய்கறிக்குச் சொல்கிற அளவைப் பெரணிக்குக் கொடுக்காதீர்கள், எந்த உரமானாலும் பாதியில் பாதி. உரமும் கடைசியில் உப்புதான். கருவாடு ஊறின தண்ணீர் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார், அவருக்குத் தனியாகப் பதில் எழுத எனக்குத் தெம்பில்லை.

கேள்வி: ஓலைக்கு அடியில் பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பூச்சி. வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்தேன். பூச்சி போகவில்லை, இலைதான் கறுத்துவிட்டது. – வாசகர், இராமநாதபுரம்

பதில்: அது பூச்சி இல்லை ஐயா, செடியின் குழந்தை குட்டி. பெரணிக்குப் பூ கிடையாது, காய் கிடையாது, விதை கிடையாது. ஓலையின் அடிப்பக்கத்தில் பொட்டுப் பொட்டாக இருக்கிற அந்தப் பைகளுக்குள்தான் ஸ்போர் என்கிற தூசு மாதிரியான வித்துகள் இருக்கின்றன. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் பாய் முடைந்த மாதிரி ஒழுங்காக வரிசையில் இருந்தால் வித்துப் பை. தண்டிலும் நரம்பிலும் தாறுமாறாக ஒட்டியிருந்து, நகத்தால் நெம்பினால் சிப்பி போலக் கழன்று வந்து, அந்த இடத்தில் பிசுபிசுப்பும் இருந்தால் செதில் பூச்சி. செதில் பூச்சியாகவே இருந்தாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் நல்ல தண்ணீரும் போதும். மெல்லிய இலைப் பெரணிக்கு எண்ணெயும் சோப்பும் ஒத்துக்கொள்ளாது, அதிலும் வெயிலில் அடித்தால் நீங்கள் பார்த்த கறுப்புதான்.

கேள்வி: பறவைக்கூடு பெரணிக்கு நடுவில் கிண்ணம் மாதிரி இருக்கிறதே என்று அதில்தான் தண்ணீர் ஊற்றி வந்தேன். இப்போது நடுக்குருத்து அழுகி நாறுகிறது. – வாசகி, மண்டபம்

பதில்: காட்டில் மரக்கிளையில் உட்கார்ந்து மேலிருந்து விழுகிற சருகையும் மழையையும் அந்தக் கிண்ணத்தில் பிடித்துத்தான் அது பிழைக்கிறது, அதனால் உங்களுக்கு அப்படித் தோன்றியதில் தவறில்லை. ஆனால் அங்கே காற்று ஓடிக்கொண்டே இருக்கும், வீட்டு மூலையில் அது தேங்கிக் கிடந்து குருத்தை அழுக வைக்கும். புது இலை வருவது அந்த ஒரே இடத்திலிருந்துதான், அது முழுக்கக் கூழாகியிருந்தால் செடி திரும்பாது, சும்மா நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. ஓரத்தில் மட்டும் அழுகியிருந்தால் பஞ்சால் ஒற்றி எடுத்து, காற்றோட்டத்தில் வைத்து, இனிமேல் தொட்டி ஓரமாக மண்ணில் ஊற்றுங்கள். இளம் குருத்தைக் கையால் தொட வேண்டாம், தொட்ட இடம் தழும்பாகவே விரியும்.

கேள்வி: என் பாஸ்டன் பெரணியிலிருந்து இலையே இல்லாமல் பச்சை நூல் நூலாகத் தொங்குகிறது. நோயா? – வாசகர், தேவிபட்டினம்

பதில்: நோய் இல்லை, ஓடு தண்டு. பக்கத்துத் தொட்டி மண்ணில் அதைப் பதித்து ஒரு கல்லை வையுங்கள், அங்கே ஒரு கன்று வரும். அசிங்கமாக இருக்கிறது என்றால் வெட்டிவிடுங்கள், செடி கோபித்துக்கொள்ளாது.

கேள்வி: எல்லோரும் பெரணி சாகிறது சாகிறது என்கிறார்கள். நான் வைத்திருக்கிற அஸ்பராகஸ் பெரணி இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றாவிட்டாலும், போர்த் தண்ணீரையே ஊற்றினாலும் அசைவதில்லை. என் கைராசியா? – வாசகி, உச்சிப்புளி

பதில்: கைராசி இருக்கலாம், ஆனால் அது பெரணியே இல்லை தங்கச்சி. இலை மெல்லிசாகத் தெரிவதால் கடைக்காரர்கள் வைத்த பெயர். நாட்டு மருந்துக் கடையில் தண்ணீர்விட்டான் கிழங்கு வாங்கியிருப்பீர்களே, அதற்குப் பங்காளி. மண்ணுக்குள் கிழங்கில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிற குடும்பம் அது, அதுதான் அந்தத் தெம்பு. பூ பூக்கும், சிவப்புப் பழம் வரும், பழம் வந்தால் சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நாய் பூனைக்கும் ஆகாது. பாஸ்டன் பெரணியைப் பூனை கடித்தால் பூனைக்கு ஒன்றும் ஆகாது, பெரணிக்குத்தான் ஆகும்.

கேள்வி: பெரணி வைத்தால் வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும், நாசாவே சொல்லியிருக்கிறது என்று என் கணவர் ஆறு தொட்டி வாங்கி அடுக்கிவிட்டார். உண்மையா? – வாசகி, தொண்டி

பதில்: 1989-இல் நாசா ஒரு ஆய்வு செய்தது உண்மை. மூடி முத்திரை வைத்த சின்னக் கூண்டுக்குள் செடியை வைத்து, உள்ளே ரசாயன ஆவியை விட்டு, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள், குறைந்தது. ஆனால் உங்கள் வீடு மூடிய கூண்டா? தொண்டியில் ஜன்னலைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் வீட்டுக் காற்று முழுக்க மாறிவிடும். பிற்பாடு 2019-இல் இந்த மாதிரிக் கூண்டு ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசியவர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வேண்டும் என்று கணக்குச் சொன்னார்கள். குறைந்த கணக்கையே எடுத்தாலும் பாய் விரிக்க இடமிருக்காது. இதை அவரிடம் காட்டுங்கள், அல்லது காட்டாதீர்கள். ஆறு பெரணி வாங்கி வருகிற கணவர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். பெரணி என்றால் ஊட்டி, கொடைக்கானல்தான் என்கிறார்கள். நம் மாவட்டத்தில் ஒரு பெரணி கூடவா கிடையாது? – மாணவி, ஆர்.எஸ். மங்கலம்

பதில்: உன் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறாயே கண்ணு! நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர் வாங்கிய கண்மாய் உன் ஊரில்தான் இருக்கிறது. அந்த மாதிரிக் கண்மாய் ஓரத்திலும் வயல் வரப்பிலும் ஆரைக்கீரை முளைக்கும், ஒரு காம்பில் நாலு இலை, கூட்டல் குறி போல. பாட்டியிடம் கேள், கடைந்து சாப்பிட்டிருப்பார்கள். அது கீரை என்று பெயர் வாங்கினாலும் தாவரவியலில் பெரணிதான். நம்ப மாட்டாய் என்றால் சேற்றுக்குப் பக்கத்தில் குனிந்து இளங்குருத்தைப் பார், பெரணிக் குருத்து மாதிரியே சுருண்டிருக்கும். சாயங்காலம் இருட்டினதும் நாலு இலையையும் மேலே கூப்பிக்கொண்டு தூங்கவும் செய்யும்.

எனக்கு அதில் பிடித்தது வேறு. கண்மாய் வற்றி, சேறு வெடித்து, ஆடு மேய்கிற தரையான பிறகும் அது சாவதில்லை. அவரை விதை மாதிரிக் கெட்டியான ஒரு கூட்டுக்குள் வித்துகளை வைத்துப் பூட்டி மண்ணில் போட்டுவிட்டுக் காத்திருக்கும், வருஷக்கணக்கில் காத்திருக்கும், மறுபடி தண்ணீர் வந்து ஊறியதும் கூடு திறந்து முளைக்கும். மழை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்கிற நம் ஊர்க் கண்மாய்க்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு பெரணி. பழைய பிளாஸ்டிக் அண்டா ஒன்றில் நாலு விரல் களிமண், அதற்கு மேல் இரண்டு விரல் தண்ணீர், அவ்வளவுதான், நல்ல வெயிலில் வை, வீட்டுப் பெரணி மாதிரி நிழல் கேட்காது. சமைக்கப் பறிப்பதென்றால் சாக்கடை கலக்காத இடமாகப் பார்த்துப் பறி. மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் அசோலா வளர்க்கிற வீடு இருந்தால் அதையும் போய்ப் பார், தண்ணீரில் மிதக்கிற அந்தப் பச்சைப் பொடியும் பெரணிதான். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடிக்கிற நுண்ணுயிர் ஒன்றை இலைக்குள் குடி வைத்திருக்கிறது, அதனால்தான் வயலுக்கு உரமாகவும் போடுகிறார்கள்.

கேள்வி: கொல்லிமலை போய்விட்டு முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி வந்தேன். பாதியை சூப் வைத்தோம். மீதியை நட்டால் முளைக்குமா? – வாசகர், ஏர்வாடி

பதில்: கேள்வி சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது, ஏனென்றால் அதுவும் பெரணி. ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு இருப்பது உண்மையில் கிழங்கில்லை, பாறையிலும் மரத்திலும் படர்ந்து போகிற தண்டு. ஆகவே உருளைக்கிழங்கு மாதிரிக் குழி தோண்டிப் புதைத்தால் அழுகிவிடும். நுனி மொட்டு வெட்டுப்படாத துண்டாக, இன்னும் காயாமல் இருந்தால், கழுவிய தேங்காய் நாரை ஒரு பனைமரத் துண்டில் சுற்றி அதன் மேல் இதை வைத்துச் சணல் கயிற்றால் கட்டி, நிழலில் தொங்கவிட்டு, நாரை மட்டும் நனைத்து வாருங்கள். முளைத்தால் முதலில் சின்னதாக ஒரு இலை வந்து சில நாளில் பழுப்பாகிக் காய்ந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், செத்துவிட்டதென்று பிய்த்துவிடாதீர்கள், சருகு பிடிக்க அது வைத்திருக்கிற கூடை அது. பச்சை இலை தனியாகப் பிறகு வரும், கோடையில் உதிரவும் செய்யும். கடையில் விற்பதில் பெரும்பாலும் மொட்டு வெட்டுப்பட்டிருக்கும், அதனால் முளைக்கவில்லை என்றால் என்னைத் திட்டாமல் மீதியையும் சூப் வைத்துவிடுங்கள்.

கேள்வி: மகள் பிரசவத்துக்காக ஒரு மாதம் சிங்கப்பூர் போகிறோம். நாலு பெரணியை என்ன செய்வது? – வாசகி, பெரியபட்டினம்

பதில்: முதலில் வாழ்த்துகள். நாலையும் ஒன்றாக நெருக்கி, வெயில் படாத இடமாக, குளியலறை ஜன்னல் பக்கமோ கிணற்றடித் திண்ணையோ பார்த்து வையுங்கள், கூட்டமாக இருந்தால் ஈரம் சீக்கிரம் காயாது. போவதற்கு முன்னால் காய்ந்த ஓலையை எல்லாம் எடுத்துவிடுங்கள், உரம் எதுவும் போட வேண்டாம். பழைய பருத்திச் சேலையை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து முறுக்கி, ஒரு முனையைத் தொட்டி மண்ணுக்குள் நாலு விரல் ஆழம் நுழைத்து, மறுமுனையைப் பக்கத்தில் வைத்த குடத்துக்குள் அடி வரை விடுங்கள், திரி எண்ணெயை ஏற்றுகிற மாதிரி சேலை தண்ணீரை ஏற்றும். குடத்தின் வாய் தொட்டி மட்டத்துக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ இருக்கட்டும். நைலான் சேலை உறிஞ்சாது. போவதற்கு மூன்று நாள் முன்னாலேயே கட்டி, குடம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிடுங்கள், ஒரு குடம் பத்து நாள் தாங்கினாலே பெரிது, ஆகவே யாராவது ஒருவர் வந்து நிரப்பத்தான் வேண்டியிருக்கும்.

அந்த ஒருவரிடம் எந்தத் தண்ணீர் என்று வாயால் சொன்னால் போதாது, மழைத்தண்ணீர் டிரம் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். நான் ஒருமுறை திருச்சிக்குப் போய்ப் பதினைந்து நாள் தங்கியபோது எதிர்வீட்டு மாமியிடம் சாவி கொடுத்துவிட்டுப் போனேன். மாமி ஒரு நாள் கூடத் தவறாமல், காலையும் மாலையும், பிள்ளைக்குப் பால் ஊட்டுகிற மாதிரி ஊற்றியிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் டிரம்மின் துணி கட்டியது கட்டியபடியே இருந்தது, மோட்டார் குழாய்க்குக் கீழே அவருடைய குவளை இருந்தது.